ஒரு பட்டதாரியின் புதன்கிழமை

உலகத்தில் பல்கலைக்கழகங்கள் தோன்றியதன் உண்மையான பயன், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை, புனே நகரத்துப் பாணேரில்தான் தெரியவந்தது. அன்றுதான் ‘ப்ளூ பெலிக்கன் கிட்ஸ் அகாடமி’யின் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த சதுரத் தொப்பி, ரிப்பன் கட்டிய பட்டச் சுருள், மாலைக்குக் கழுத்தை நீட்ட ஒரு தலைமை விருந்தினர், சகலமும் உண்டு. பட்டம் பெற இருந்தவர்களில் ஐந்து வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது. ஆனால் மூக்குச் சிந்துவது பாடத்திட்டத்தில் இல்லை என்பதால், பட்டத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

அந்தப் பட்டதாரிகளில் ஒருத்தி அம்மு. அவளுடைய தகப்பனார் கோவிந்தராஜ், ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகன். ‘விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது’ என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பல் பிடுங்கப் போனாலும், இரண்டாக எடுத்தால் என்ன சலுகை என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இப்படிப்பட்டவர்கள் பாத்திரக் கடையிலேயே தேங்கிவிடாமல் கம்ப்யூட்டர் துறைக்கு வந்ததால்தான் நாடு இந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது.

அம்முவின் தாயார் ஆனந்தவல்லியும் ஹிஞ்சேவாடிதான். வேறு கம்பெனி, வேறு கட்டடம். கோவிந்தராஜின் க்ளையண்ட் இருப்பது ஆஸ்திரேலியாவில்; ஆனந்தவல்லியின் க்ளையண்ட் அமெரிக்காவில். அதனால் குடும்பத்தில் இரண்டு காலண்டர்கள். மெல்போர்னில் குதிரைப் பந்தயம் நடந்தால் அவருக்கு லீவு. அமெரிக்காவில் வான்கோழி சமைத்தால் அவளுக்கு லீவு. குதிரையும் வான்கோழியும் ஒரே நாளில் வந்ததில்லை. இருவருக்கும் பொதுவான ஒரே பண்டிகை கிறிஸ்துமஸ். ஸ்டார் கட்டி, கேக் வெட்டி, மிகுந்த பக்தியோடு கொண்டாடினார்கள். அகாடமியின் முதல்வர் ஜான்சி மேடமே ஒரு தடவை, “சார், எங்களைவிட நீங்கதான் பக்கா கிறிஸ்டியன்” என்று பாராட்டியிருக்கிறார்.

காலையில் மெல்போர்ன் விழித்திருக்கும். அதனால் கோவிந்தராஜ் காதில் போனை வைத்தபடி அம்முவை அகாடமி வாசலில் இறக்குவார். மாலையில் அமெரிக்கா எழுந்துகொள்ளும். அதனால் ஆனந்தவல்லி காதில் போனை வைத்தபடி ஏற்றிக்கொள்வாள். நடுவில் மதியம் வரை பள்ளி, மதியத்துக்கு மேல் அதே கட்டடத்தில் டே-கேர். கேட்டுக்கு உள்ளே அம்முவை வாங்கிக்கொள்வதும் வெளியே கொடுப்பதும் வாட்ச்மேன் காகா. பள்ளிக்குப் பின்னால் ஒரே அறையில் மனைவியோடு குடியிருந்தார். மராத்தி தவிர வேறு பாஷை தெரியாது. கோவிந்தராஜ் தம்பதிக்கு மராத்தியில் ‘ஹோ’ என்ற ஒரு சொல் தெரியும். ஆமாம் என்று அர்த்தம். அதை வைத்தே இரண்டு வருஷம் சுமுகமாக ஓடியது.

இப்படிச் சர்க்கரைப் பாகு போல ஓடிக்கொண்டிருந்த நிர்வாகத்தில்தான் இடி விழுந்தது. பட்டமளிப்பு முடிந்ததும் பள்ளிக்கு விடுமுறை. ஜூன் நடுவில்தான் திறப்பு. டே-கேரும் கிடையாது.

மற்ற குடும்பங்களாக இருந்தால் பதறியிருக்கும். கோவிந்தராஜ் மீட்டிங் போட்டார். விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜை. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: அம்மு.

“ஜூன் வரைக்கும் ஸ்கூல் டவுன்,” என்று தொடங்கினார். “பேக்கப் என்ன?”

“என்னைக் கேட்டா? மே ரெண்டாவது வாரம் எனக்கு ப்ராஜெக்ட் ரிலீஸ். நீங்க லீவு போடுங்க.”

“எனக்கு மே மொத வாரமே ரிலீஸ், வல்லி. இப்பப் போய் லீவு கேட்டா, வீட்டுலயே இருந்துக்கோன்னுடுவான்.”

“அப்ப ஏப்ரல் உங்களுது, மே என்னுது.”

“ஏப்ரல்ல பாதி அதுக்குள்ள போயிடுமே.”

“பாதின்னா உங்களுக்கு லாபம்தானே?”

“லாபம்தான். ஆனா அந்தப் பாதியில யூ.ஏ.டி. டெஸ்டிங் இருக்கு.”

“என் பாதியில மட்டும் என்ன, பொங்கலா இருக்கு?”

இந்த இடத்தில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்பா, லீவுன்னா மத்தியானம் வீட்டுல இருக்கலாமா?”

அங்கே உட்கார்ந்து செருப்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அம்முதான். மீட்டிங்குக்கு அழைப்பில்லாதவர்கள் பேசக்கூடாது என்ற விதி அவளுக்குத் தெரியாது.

“மத்தியானம் வீட்டுல என்ன இருக்கு, அம்மு?”

“அதான் தெரியலை. நாம எல்லாரும் போனப்புறம் நம்ம வீடு என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது. பூட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமைதான் பார்க்கறியே.”

“அது ஞாயித்துக்கிழமை வீடு. நான் கேக்கறது புதன்கிழமை வீடு.”

கோவிந்தராஜ் மனைவியைப் பார்த்தார். மனைவி அமெரிக்கா இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“எத்தனை நாள் வேணும்?” என்றார் கோவிந்தராஜ். அப்படிக் கேட்டது தப்பு என்று அவருக்கே உடனே தெரிந்தது. கடையில் எதிராளி வாயிலிருந்துதான் முதல் எண் வரவேண்டும் என்பது சரி. ஆனால் அந்த எதிராளி பாத்திரக் கடைக்காரரின் பேத்தியாக இருக்கக்கூடாது.

“எல்லா நாளும்,” என்றாள் அம்மு.

“அதெல்லாம் கட்டுப்படியாகாது.”

“ஒரு மாசம்.”

“ம்ஹூம்.”

“ஒரு வாரம். கூட நீ வேணும், அம்மா வேணும்.”

“ரெண்டு பேரும்னா முடியவே முடியாது. யாராவது ஒருத்தர்.”

“சரி, ஒருத்தர். ஒரே ஒரு புதன்கிழமை.”

“அரை,” என்றார் கோவிந்தராஜ் பழக்க தோஷத்தில்.

“அரைன்னா?”

“மத்தியானத்துக்கு மேல. காலையில ஆபீஸ் போயிட்டு வந்துடுவேன்.”

அம்மு கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு வேண்டியதே மத்தியானம்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், மிகுந்த நஷ்டத்துக்கு ஒத்துக்கொள்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, “சரி, அரை” என்றாள். கோவிந்தராஜுக்குப் புல்லரித்தது. இந்த முகத்தை அவருடைய அப்பா குத்துவிளக்கு வாங்கும்போது வைத்துக்கொள்வார்.

“ஆனா பட்டம் வாங்கினப்புறம்தான்,” என்று ஒரு நிபந்தனையைச் செருகினார். வியாபாரம் முடிந்தது. மீட்டிங்கும் முடிந்தது. தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை என்பதால், அது மிக வெற்றிகரமான மீட்டிங்.

மறுநாள் காலை அவர் ஜான்சி மேடத்தைப் பார்க்கப் போனார்.

ஜான்சி மேடம் புனேயிலேயே போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா கட்கி பக்கத்து ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். போபோடி சந்தில் ஒற்றை அறையில் அ, ஆ சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, இன்றைக்குப் பாணேரில் மாடி பங்களாவில் பெலிக்கன் வளர்க்கும் அளவுக்கு உயர்ந்திருந்தார். பாணேருக்கு மாறிய வருஷம்தான் ‘பால்வாடி’ என்ற சொல்லை ‘அகாடமி’ என்று மாற்றினார். அதே மணைப்பலகை, அதே ரைம்ஸ். ஆனால் சொல்லை மாற்றினால் சரக்கின் தரம் உயர்ந்துவிடுகிறது என்ற உண்மையை அவர் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே கண்டுபிடித்தார்.

“அரே சார், வாங்க வாங்க. கவுன் அளவு சரியா இருந்துச்சா?”

“கவுன் இருக்கட்டும் மேடம். அம்முவுக்கு ‘பெஸ்ட் அவுட்கோயிங் ஸ்டூடெண்ட்’ குடுக்கணும்.”

“அது போன மாசமே ஃபிக்ஸ் ஆயிடுச்சு சார். பங்களா ஓனரோட பேரன். அவனுக்குக் குடுக்கலைன்னா நானே அவுட்கோயிங் ஆயிடுவேன்.”

“அம்மு ரெண்டு தடவை கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வந்திருக்கா, மேடம்!”

“ஃபர்ஸ்ட்டா? நாங்க ரேங்க்கே போடறதில்லையே?”

“அவளே சொன்னா. ஃபிப்ரவரியில ஒருநாள். அப்புறம் இந்த மாசம் ரெண்டாம் தேதி. ராத்திரி சாப்பிடும்போது சொல்றா, ‘இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட், வேற யாருமே வரலை’ன்னு. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு அவளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தோம்.”

ஜான்சி மேடம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு கோவிந்தராஜைப் பார்த்தார். மறுபடியும் காலண்டர். முகத்தில் ஒரு ஒளி பரவியது. அதை ஞானம் என்றும் சொல்லலாம், விளம்பர யோசனை என்றும் சொல்லலாம்.

“ஓ, அந்த ஃபர்ஸ்ட்டா! கரெக்ட் சார். அந்த ரெண்டு நாளும் அம்முவை அடிச்சுக்க ஆளே இல்ல.”

“பார்த்தீங்களா?”

“நான் ஒண்ணு பண்றேன். அவளுக்குன்னே புதுசா ஒரு அவார்ட் உண்டாக்கறேன். இந்தியாவுலயே வேற எந்த ஸ்கூல்லயும் கிடையாது. குடுக்கவும் முடியாது.”

கோவிந்தராஜ் உள்ளுக்குள் குளிர்ந்தார். வெளியே முகத்தைச் சுளித்தார். “வெறும் அவார்டா?”

“மெடல் உண்டு.”

“மெடல் எல்லாருக்கும் உண்டு. கூட ஏதாவது போடுங்க மேடம். லீவுல குழந்தைங்களுக்கு ஒண்ணும் பண்றதில்லையா நீங்க?”

“ஸம்மர் கேம்ப் நடத்தறேன். அடுத்த வாரத்துலேருந்து. பர்சனாலிட்டி, லீடர்ஷிப், ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட்.”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்குமா?”

“அதேதான் சார். அதே ரூம், அதே டீச்சர், அதே பாய். பேரு மட்டும் கேம்ப்.”

“அதுல ஒரு ஸீட்டைப் பரிசாப் போடுங்க. ஜூன் வரைக்கும்.”

“என்ன சார், கத்திரிக்கா வாங்கினா தோட்டத்தையே கொசுறு கேக்கறீங்க!”

“நான் நாலு பேருக்குச் சொல்வேன். எங்க கேம்பஸ்ல பிள்ளைங்க இருக்கறவங்க ஆயிரம் பேரு.”

ஜான்சி மேடம் பெருமூச்சு விட்டார். அது நஷ்டப்பட்டவரின் பெருமூச்சு போலவே இருந்தது. இரண்டு தரப்பும் எதிராளியை ஏமாற்றிவிட்ட நிறைவோடு பிரிந்தார்கள். வியாபாரத்தில் இதைவிட உயர்ந்த நிலை ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அதற்கு ஒரு அரைப் புதன்கிழமை பாக்கி இருக்கிறது என்பது கோவிந்தராஜுக்கு ஆபீஸ் லிஃப்டில் ஏறும்போது ஞாபகம் வந்தது. லிஃப்டிலிருந்து இறங்கும்போது போன் வந்தது.

விழா நாள் வந்தது. வெயில் பட்டதாரிகளுக்குத் தனிச் சலுகை எதுவும் காட்டவில்லை. கறுப்பு அங்கிகளை வக்கீல்களுக்குத் தைக்கும் தையல்காரர் தைத்திருந்ததால், வரிசையாக நின்ற குழந்தைகள் ஏதோ பெரிய சொத்து வழக்கில் வாய்தா கேட்க வந்தவர்கள் போலத் தெரிந்தார்கள். ஒரு பட்டதாரி குஞ்சத்தைச் சப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு பட்டதாரி ‘சூ சூ’ என்று கூறி, அங்கியோடு அவசரமாக அழைத்துச் செல்லப்பட்டார்.

தலைமை விருந்தினர், பங்களாவின் சொந்தக்காரரான பில்டர். கல்வியைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் சதுர அடி என்ற சொல் சில இடங்களில் மட்டுமே வந்தது. பிறகு ஒவ்வொரு பட்டதாரியிடமும் மைக்கை நீட்டி, எதிர்காலத் திட்டம் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் என்றார்கள். பைலட் என்றார்கள். பங்களா ஓனரின் பேரன் ‘பஸ்’ என்றான். பஸ் ஓட்டுவதா, பஸ்ஸாகவே ஆவதா என்று யாரும் கேட்கவில்லை, பலத்த கைதட்டல்.

அம்மு முறை வந்தது. ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று சொல்ல வீட்டில் ஒரு வாரம் பயிற்சி நடந்திருந்தது. கோவிந்தராஜ் நாற்காலி நுனிக்கு வந்தார். ஆனந்தவல்லி ஹேண்டிகேமில் மகளின் முகத்தைப் பெரிதாக்கினாள்.

“வாட் வில் யூ டூ நெக்ஸ்ட், பேபி?” என்றார் பில்டர்.

“வென்ஸ்டே,” என்றாள் அம்மு.

“வென்ஸ்டே?”

“ஹாஃப்,” என்று திருத்தினாள்.

பில்டர் ஜான்சி மேடத்தைப் பார்த்தார். அது ஏதோ வெளிநாட்டுப் படிப்பு என்பது போல மேடம் தலையாட்டினார். “வெரி குட், வெரி குட். குட் ஸ்கோப்,” என்றார் பில்டர்.

அதற்கப்புறம் பரிசுகள். நன்றாகத் தூங்கியவருக்கு ஒன்று. டப்பாவைக் காலி செய்தவருக்கு ஒன்று. ஒருவரையும் கடிக்காதவருக்கு ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு ஜான்சி மேடம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நம்ம அகாடமியின் மிகப் பெரிய விருது. முழு வருகைக்கான விருது. ஆனா சாதாரண முழு வருகை இல்லை. நூறு சதவீதம் எல்லா ஸ்கூல்லயும் குடுப்பாங்க. ப்ளூ பெலிக்கன்ல நாங்க குடுக்கறது நூற்றியொரு சதவீதம்!”

ஆங்கிலத்தில் சொன்னார், ஹிந்தியில் சொன்னார், மராத்தியில் சொன்னார். அம்முவின் பெயரைச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. மொய் எழுதியது போல நூற்றியொன்று! கோவிந்தராஜ் எழுந்து நின்று சுற்றிலும் கும்பிட்டார். பொறியியல் படித்த மூளையின் ஒரு மூலை மட்டும், நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்று முனகியது. அந்த மூலைக்கும் ஜான்சி மேடமே பதில் சொன்னார்.

“இந்தக் குழந்தை காய்ச்சலோட வந்திருக்கா. பையில சிரப் பாட்டில் இருக்கும், எத்தனை மணிக்குக் குடுக்கணும்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என்ன ஒரு சிஸ்டம், பாருங்க! பந்த் அன்னிக்கு வந்திருக்கா. அதெல்லாம்கூட விடுங்க. ஸ்கூல் லீவு அன்னிக்கும் வந்திருக்கா! ஃபிப்ரவரியில சிவாஜி ஜெயந்தி. இப்ப பத்து நாள் முன்னால பாட்வா. மகாராஷ்டிராவே வாசல்ல பட்டுத்துணி கட்டி, சொம்பு கவுத்து வருஷப் பிறப்பு கொண்டாடுது. காலையில கரெக்ட் டைமுக்கு அம்மு கேட்ல நிக்கறா. அப்பா டிராப் பண்ணிட்டுப் போயாச்சு. நான் போன் பண்றேன், பண்றேன், ரெண்டு பேர் நம்பரும் எங்கேஜ்டு. நம்ம வாட்ச்மேன் காகா ரூம்ல ஸ்ரீகண்ட் பூரி சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, சாயங்காலம் அம்மா கூட கரெக்டா கிளம்பிட்டா. ஒரு டீச்சர் இல்ல, ஒரு ஸ்டூடெண்ட் இல்ல. அவ ஒருத்திதான் ஃபர்ஸ்ட்! இந்த மாதிரி பேரண்ட்ஸ் நம்பிக்கை வெச்சிருக்காங்கன்னா, அதுதான் ப்ளூ பெலிக்கன்!”

முதல் இரண்டு வரிசையில் சிரித்தார்கள். பிறகு, என்ன காரணத்தாலோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மராத்திப் பெண்மணி தன் பட்டதாரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோவிந்தராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். பாட்வா அன்று மாலை காகா நீளமாக ஏதோ சொன்னதாகவும், தான் ‘ஹோ, ஹோ’ என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் வல்லி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா. தராசில் ஒரு தட்டில் ஒன்று கூடினால், அது இன்னொரு தட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த இன்னொரு தட்டு எது என்று கண்டுபிடிக்க இருந்த நேரத்தில், கடவுள் புண்ணியத்தில், மெல்போர்னிலிருந்து போன் வந்தது. சர்வர் விழுந்துவிட்டது. இவ்வளவு மனிதாபிமானம் உள்ள சர்வரை அவர் அதுவரை பார்த்ததில்லை. வெளியே ஓடினார்.

அவர் வெளியே இருந்தபோதுதான் ஜான்சி மேடம் பரிசை அறிவித்தார்: ஸம்மர் கேம்பில் ஒரு ஸீட், ஜூன் வரை. கூடவே இன்னொன்றும் அறிவித்தார்: திங்கட்கிழமை பதினாலாம் தேதி அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை என்பதால், கேம்ப் செவ்வாய்க்கிழமைதான் தொடங்கும். ஆனந்தவல்லி அங்கேதான் இருந்தாள். ஆனால் ஹேண்டிகேமில் படம் ஆடாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்ததால் எதுவும் காதில் விழவில்லை. அந்த அறிவிப்பு டேப்பில் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. இன்றுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அம்மு அங்கியும் தொப்பியுமாகப் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, கேம்ப் புதன்கிழமையும் உண்டா?”

“உண்டும்மா.”

“அப்ப என்னோட அரை?”

“கேம்ப்லயும் ஜாலியாத்தான் இருக்கும். லீவு மாதிரியே.”

அம்மு கழுத்திலிருந்த மெடலைக் கழற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை உடைசல் ஏதும் இல்லை. புதுச் சரக்கு. முன் ஸீட்டுக்கு நடுவே நீட்டினாள்.

“இதை ஜான்சி மேடம்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா அரை குடுப்பாங்களா?”

“குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்கம்மா,” என்றார் கோவிந்தராஜ். சொல்லி முடித்த பிறகுதான், கும்பகோணத்துப் போர்டு தன் வாயால் பேசியது அவருக்குப் புரிந்தது. உடனே ஹாரன் அடித்தார், முன்னால் வண்டி எதுவும் இல்லை.

ஆனந்தவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ரிலீஸ் முடியட்டும். நான் ஒரு முழுப் புதன்கிழமையே போடறேன்,” என்றாள். ஒரு ரிலீஸ் முடிந்தால் அடுத்த ரிலீஸ் வரும் என்று அம்முவுக்குத் தெரியும். அவள் மெடலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. கோவிந்தராஜ் வாழ்நாளில் பாணேர் ரோட்டை இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. பள்ளி வண்டிகள் இல்லை, ஆட்டோக்கள் இல்லை, சிக்னலில் கூட்டம் இல்லை. நகர நிர்வாகம் ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று மகளிடம் சொன்னார். அப்போது கும்பகோணத்திலிருந்து அப்பா போனில் பேசினார்.

“என்னடா, வருஷப் பிறப்பு அதுவுமா ஒரு போன்கூட இல்ல? வல்லி மாங்காப் பச்சடி வெச்சாளா? குழந்தை என்ன பண்றா?”

“வெச்சுட்டிருக்காப்பா. குழந்தை வீட்டுலதான்… எல்லாரும் வீட்டுலதான் இருக்கோம்,” என்றார் கோவிந்தராஜ், வண்டியை அகாடமி வாசலில் நிறுத்தியபடி.

கேட் பூட்டியிருந்தது. பெலிக்கன் பொம்மைக்கு நேர் கீழே பெரிய பூட்டு. குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாட்ச்மேன் காகா வந்து, “சாஹேப், ஆஜ் சுட்டீ ஆஹே,” என்றார். இன்றைக்கு லீவு. இந்தத் தடவை கோவிந்தராஜ் ‘ஹோ’ சொல்லவில்லை. புரிந்துவிட்டது.

சரித்திரத்தில் பெரிய நிர்வாகிகள் பெரிய முடிவுகளை எடுத்த கணங்கள் உண்டு. இது அப்படி ஒரு கணம். கையில் வண்டி இருந்தது. பின்னால் குழந்தை இருந்தது. இரண்டு கிலோமீட்டரில், பூட்டிய வீடு ஒன்று, வார நாளில் என்ன செய்கிறதோ அதைச் செய்துகொண்டிருந்தது. காதருகே போனும் இருந்தது, அது அடித்தது. மெல்போர்ன் கான்ஃபரன்ஸ் கால் தொடங்கிவிட்டது.

“அப்பா, இன்னிக்குப் புதன்கிழமையா?” என்றாள் அம்மு.

“இல்லம்மா… திங்கள்.”

“அப்ப சரி,” என்று கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றையும் விளக்க வேண்டியதில்லை.

“அம்மாவை உடனே வரச் சொல்றேன். ஒரே ஒரு கால்தான். வாசல்லயே இருக்கேன், அம்மு!”

காகா சின்னக் கதவைத் திறந்தார். காகாவின் மனைவி காகூ உள்ளே அடுப்படியிலிருந்து, யார் என்று கேட்டாள். வேறு யார் என்றார் காகா.

வராந்தாவில் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் காகா சிரமப்பட்டு உட்கார்ந்தார். அம்மு எதிரே நின்றுகொண்டாள். டீச்சர் விளையாட்டு, லீவு நாட்களில் இருவரும் வழக்கமாக விளையாடுவதுதான். பட்டம் வாங்கிவிட்டதால் இன்றைக்கு அவள் டீச்சர். குரலை உயர்த்தி வருகை எடுத்தாள். அவள் பேசியது நல்ல மராத்தி. அவள் வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு வராது.

“அம்மு?” என்று கேட்டு, “பிரசெண்ட்!” என்று அவளே சொன்னாள்.

“காகா?”

“பிரசெண்ட், மேடம்!”

“காகூ?”

அடுப்படியிலிருந்து கரண்டிச் சத்தத்தோடு, “பிரசெண்ட்!”

“அம்மா?”

காகா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

“அப்பா?”

கேட்டுக்கு வெளியே, ஜன்னல் இறக்கிய காருக்குள்ளிருந்து கோவிந்தராஜின் கணீரென்ற குரல் வந்தது.

“யெஸ்! கோவிந்த் ஹியர்! ஐ ஆம் வெரி மச் ஹியர்!”

காகாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியோடு பாதி எழுந்து, “வந்துட்டார்! பப்பா பிரசெண்ட், மேடம், போடுங்க!” என்றார்.

அம்மு கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது நமக்குச் சொன்னது இல்லை, காகா,” என்றாள். “அப்பா வேற கிளாஸ்.”